வெள்ளம் பார்த்த ஊரிலேயே மழைக்கு முன்னால் யாரும் அசைவதில்லையே, ஏன்?

முடிச்சூர்வாசி (கேள்வி)

வணக்கம். தாம்பரத்துக்கு மேற்கே வரதராஜபுரத்தை ஒட்டி ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன், அசோசியேஷன் வேலைகளிலும் கொஞ்சம் கைகொடுப்பேன். இந்தப் பக்கம் 2015 டிசம்பர், 2021 நவம்பர், 2023 மிக்ஜாம் புயல் என்று மூன்று முறையும் தெருவில் படகு ஓடியது. இங்கே குடியிருக்கும் பாதிப் பேர் இதில் இரண்டு வெள்ளத்தையாவது நேரில் பார்த்தவர்கள். அக்கம்பக்கத்துத் தெருக்களில் தரைத்தளத்துக்காரர்கள் ஃப்ரிட்ஜையும் பீரோவையும் தூக்கிப் போட்டிருக்கிறார்கள், பிள்ளைகளின் சான்றிதழ்களை மொட்டை மாடியில் காயப் போட்டிருக்கிறார்கள்.

ஆனாலும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஒரு கூட்டம் போட்டால் பத்துப் பேர் வருவதே பெரிய விஷயமாக இருக்கிறது. கேட்பதும் பெரிய காரியங்கள் இல்லை. லிஃப்ட், மோட்டார் இரண்டின் பேனல் போர்டையும் உயரத்தில் மாற்ற ஒரு தொகை வேண்டும், தரைத்தளத்து முதியவர்களை எந்த வீடு ஏற்றுக்கொள்ளும் என்று ஒரு பட்டியல் வேண்டும், வண்டிகளை எப்போது எங்கே கொண்டுபோய் விடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். இவ்வளவுதான். அதற்கு வரும் பதில்கள்: "2015லயே நம்ம வீட்டுக்குள்ள வரல, மூணாவது படியோட நின்னுச்சு." "இப்பதான் மூடு கால்வாய் கட்டியிருக்காங்களே." "செம்பரம்பாக்கம் ஏரியை இனிமே அப்படி ஒரேயடியா திறக்க மாட்டாங்க." "2024 அக்டோபர்ல ரெட் அலர்ட்னு பயமுறுத்தினாங்க, என்ன வந்துச்சு?"

இப்படிச் சொல்பவர்கள் யாரும் விவரம் தெரியாதவர்கள் இல்லை. வங்கியில் இருக்கிறார்கள், ஐடியில் இருக்கிறார்கள், ஆசிரியர்கள் இருக்கிறார்கள். மிக்ஜாம் சமயத்தில் கரண்ட் இல்லாமல், பால் இல்லாமல், போன் சிக்னல் இல்லாமல் எல்லோரும் சேர்ந்து தவித்தோம். "மக்கள் சோம்பேறிகள்" என்ற பதில் எனக்கு வேண்டாம், ஏனென்றால் வெள்ளம் வந்த அன்று இதே ஆட்கள்தான் கழுத்தளவு தண்ணீரில் இறங்கிப் பக்கத்து வீட்டுப் பாட்டியைத் தூக்கி வந்தார்கள். வந்த பிறகு உயிரைக் கொடுத்து வேலை செய்கிறவர்கள், வருவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் கொடுக்க மாட்டேன் என்கிறார்களே, மனதில் என்னதான் நடக்கிறது? இதைப் பற்றிப் படித்தவர்கள், களத்தில் வேலை செய்தவர்கள் சொல்லுங்கள். என்ன செய்தால் மாறும் என்பதும் தெரிய வேண்டும்.

---

மனோ_திருச்சி

கல்லூரியில் உளவியல் சொல்லிக்கொடுக்கிறேன். உங்களுக்குக் கிடைத்த நான்கு பதில்களுமே எனக்கு மிகவும் பழக்கமானவை, உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்கள் இதே பதில்களைத்தான் பதிவு செய்திருக்கிறார்கள்.

முதலில் அந்த மூன்றாவது படி. இதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்தான பதில் என்று நினைக்கிறேன். ஒரு வெள்ளம் வந்து வீட்டுக்குள் நுழையாமல் வாசலோடு திரும்பிப் போனால் அதை இரண்டு விதமாக நினைவில் வைக்கலாம், "தப்பித்தேன்" என்றும் வைக்கலாம், "என் வீடு தாங்கும்" என்றும் வைக்கலாம். ராபின் டில்லன், கேத்தரின் டின்ஸ்லி என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இதைத்தான் சோதித்துப் பார்த்தார்கள். புயல் பலமுறை வந்தும் தன் வீட்டுக்குச் சேதமில்லை என்ற அனுபவம் உள்ளவர்கள் அடுத்த புயலுக்குக் காப்பீடு எடுப்பதும் குறைகிறது, வெளியேற நினைப்பதும் குறைகிறது. அதே சமயம், மயிரிழையில் தப்பியது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அந்த அனுபவம் இருந்தால் விளைவு தலைகீழாகிவிடுகிறது, முன்னெச்சரிக்கை கூடுகிறது. நடந்த சம்பவம் ஒன்றுதான், அதை எப்படிச் சொல்லி நினைவில் வைக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம். ஆகவே உங்கள் ஆட்களிடம் "2015ல் எவ்வளவு தண்ணீர் வந்தது" என்று கேட்பதைவிட "இன்னும் எத்தனை அங்குலம் ஏறியிருந்தால் உங்கள் ஹாலுக்குள் வந்திருக்கும்" என்று கேட்டுப் பாருங்கள்.

கால்வாய் கட்டியாச்சு என்பது அடுத்தது. கால்வாய் நிச்சயம் நல்லதுதான், சின்ன மழைகளை அது தாங்கும். ஆனால் கரையோ சுவரோ எழுந்த பிறகு மனிதர்கள் மற்ற எச்சரிக்கைகளைக் கைவிட்டுவிடுவார்கள் என்று கில்பர்ட் வைட் என்ற புவியியலாளர் பல பத்தாண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டார். ஜப்பானில் தாரோ என்ற ஊரில் சுமார் 10 மீட்டர் உயரத்துக்குக் கடல்சுவர் கட்டி வைத்திருந்தார்கள், உலகமே வந்து பார்த்துவிட்டுப் போன சுவர் அது. 2011 மார்ச் 11 அன்று ஆழிப்பேரலை அதைத் தாண்டி வந்தது. சுவர் இருக்கிறது என்ற தைரியத்தில் ஓடாமல் நின்றவர்களும் இறந்தவர்களில் இருந்தார்கள். சுவரே கட்டியிருக்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை. சுவரைப் பார்த்துக் கால் நின்றுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

இன்னொன்று, "நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற வெள்ளம்" என்று 2015ஐப் பற்றி எல்லோரும் பேசிப் பேசியே நிறையக் கெடுதல் ஆகிவிட்டது. கேட்பவர் மனதில் அது "வந்தாச்சு, இனி 2115ல்தான்" என்று பதிகிறது. அந்தக் கணக்கின் உண்மையான பொருள், ஒவ்வொரு ஆண்டும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு, போன வருடம் வந்ததால் இந்த வருடம் அது குறைவதில்லை என்பதுதான். 30 வருட வீட்டுக்கடன் கட்டும் காலத்துக்குள் அப்படி ஒரு வெள்ளம் வர 26 சதவீத வாய்ப்பு இருக்கிறது. வீட்டுக்கடன் வாங்கியவரிடம் இந்த எண்ணைச் சொன்னால் சட்டென்று புரியும்.

மறதியையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் அரசே நடத்தும் வெள்ளக் காப்பீட்டை எடுத்தவர்கள் எவ்வளவு காலம் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தபோது, பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு வருடத்தில் விட்டுவிடுகிறார்கள் என்று தெரிந்தது. "கட்டினேன், வெள்ளம் வரல, பணம் வீண்" என்ற எண்ணம்தான். அதனால் உங்கள் குடியிருப்பில் நடப்பதைத் தமிழனுக்கே உரிய குணமாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

---

தாழங்குடா_செல்வம்

கடலூர் பக்கத்து மீனவக் குடும்பம் நான். மேலே மனோ அக்கா சொன்னது சரி. ஆனால் அந்த நாலாவது பதில், ரெட் அலர்ட் பொய்த்துப்போனது பற்றி, அதில் எனக்கு வேறு அனுபவம் இருக்கிறது.

2012 ஏப்ரல் 11, சுமத்ராவுக்குப் பக்கத்துக் கடலில் 8.6 அளவில் நிலநடுக்கம். சுனாமி எச்சரிக்கை வந்தது. எங்கள் கரை முழுக்க மைக் செட்டில் சொன்னார்கள், பஞ்சாயத்தார் ஓடி ஓடிச் சொன்னார்கள், அரை மணி நேரத்தில் ஊரே காலி. கடைசியில் அலை வரவில்லை, சாயங்காலம் எச்சரிக்கையை விலக்கிவிட்டார்கள். ஊர் திரும்பியபோது "சும்மா ஓட வெச்சுட்டாங்களே" என்று யாருமே திட்டவில்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். 2004 டிசம்பர் 26 காலையில் கடல் உள்வாங்கியபோது வேடிக்கை பார்க்கப் போனவர்களை நாங்கள் இழந்திருக்கிறோம், எதற்காக ஓடுகிறோம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஓட்டமும் வீண் செலவு இல்லை, மேட்டுக்குப் போய்த் திரும்பி வந்தோம், முடிந்தது. எச்சரிக்கை பொய்த்தால் ஜனங்கள் நம்ப மாட்டார்கள் என்று எல்லா இடத்திலும் சொல்ல முடியாது. ஏன் பொய்த்தது என்று அப்புறம் யாரும் வந்து சொல்லாமல் விட்டால்தான் நம்பிக்கை போகும். 2024 அக்டோபரில் தாழ்வு மண்டலம் சென்னைக்குப் பக்கத்தில்தான் கரை கடந்தது, மழைத் திரள் எதிர்பார்த்த இடத்தில் விழவில்லை, அவ்வளவுதான் விஷயம். இதை அடுத்த நாளே யாராவது நாலு வரியில் எழுதி உங்கள் குழுவில் போட்டிருந்தால் "என்ன வந்துச்சு" என்ற கேள்வி இவ்வளவு நாள் நிற்காது.

இந்தோனேசியாவில் சிமுலூ என்று ஒரு தீவு, 2004 நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்தது. அங்கே 1907ல் ஒரு ஆழிப்பேரலை வந்து ஏகப்பட்ட பேரைக் கொண்டுபோனதைப் பாட்டாகவும் கதையாகவும் சொல்லிச் சொல்லிப் பிள்ளைகளை வளர்த்திருக்கிறார்கள்: நிலம் ஆடி, கடல் வற்றினால், மலைக்கு ஓடு. 2004ல் எழுபத்தெட்டாயிரம் பேர் வாழ்ந்த அந்தத் தீவில் ஏழு பேர்தான் இறந்தார்கள். சைரன் கிடையாது, செல்போன் கிடையாது. எங்கள் ஊரில் இப்போது பத்து வயதுப் பிள்ளைகளுக்கு 2004 ஒரு நினைவுநாள் ஊர்வலம் மட்டும்தான். அது எனக்குப் பெரிய கவலை.

ஆனால் ஒன்று. மனசு மனசு என்று பேசும்போது, தகவலே போய்ச் சேராத இடத்தை மறந்துவிடாதீர்கள். 2017 ஒக்கி புயலில் குமரி மாவட்டத்து ஆழ்கடல் மீனவர்கள் எச்சரிக்கைக்குப் பல நாள் முன்னாலேயே கடலுக்குப் போய்விட்டவர்கள். கரையில் ஏற்றின புயல் எச்சரிக்கைக் கூண்டு நூறு மைல் தள்ளி இருக்கிறவனுக்குத் தெரியாது. அங்கே "ஏன் தயாராகவில்லை" என்று கேட்பதே அநியாயம்.

---

ஆற்றோரம்

எல்லோரும் நன்றாக எழுதுகிறீர்கள். நான் கொஞ்சம் காட்டமாகவே எழுதப் போகிறேன், மன்னிக்கவும்.

நாங்கள் அடையாற்றுக் கரையில் இருந்த குடும்பம். 2015க்குப் பிறகு கரையில் இருந்த ஆயிரக்கணக்கான வீடுகளை எடுத்துவிட்டுப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள், நாங்களும் போனோம். அப்போதிலிருந்து கரையில் மிச்சம் இருக்கிற சொந்தக்காரர்களிடம் "வெள்ளம் வருது, வெளியே வாங்க" என்று யாராவது சொன்னால் அவர்கள் காதில் விழுவது என்ன தெரியுமா? "போனால் திரும்பி வர வீடு இருக்காது." ஒரு இரவு முகாமுக்குப் போய்விட்டு வந்தால் இடித்திருப்பார்களோ என்ற பயம் தண்ணீர் பயத்தைவிடப் பெரியது. இதை ஆபத்தை உணராத மனநிலை என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வரும். அவர்கள் இரண்டு ஆபத்தையும் எடைபோட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். இத்தனைக்கும் அனுப்பிய பெரும்பாக்கமே பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய இடம், மிக்ஜாமில் அங்கேயும் தண்ணீர் சூழ்ந்தது.

தினக்கூலி விஷயமும் இருக்கிறது. மஞ்சள் எச்சரிக்கை வந்த அன்றெல்லாம் வேலைக்குப் போகாமல் இருந்தால் ஐப்பசி கார்த்திகை இரண்டு மாதமும் அடுப்பு எரியாது. ஒரு வாரத்துக்கு அரிசி பருப்பு வாங்கி வையுங்கள், டார்ச் வாங்குங்கள், பவர் பேங்க் வாங்குங்கள் என்று ஒவ்வொரு வருடமும் பட்டியல் வருகிறது. அன்றன்றைக்கு அரைக்கிலோ வாங்குகிறவர்களிடம் போய் ஒரு வாரத்துக்கு வாங்கு என்றால் பணம் எங்கிருந்து வரும்? அவர்கள் உளவியலை ஆராய்வதற்கு முன்னால் அந்தப் பொருட்களைக் கொடுத்துப் பாருங்கள், எத்தனை பேர் தயாராகிறார்கள் என்று தெரியும்.

முடிச்சூர் நண்பரே, இது உங்களைச் சொன்னதில்லை. உங்கள் குடியிருப்பில் பணம் இருந்தும் செய்யவில்லை என்கிறீர்கள், அது வேறு கதை, அதற்கு மனோ சொல்வது பொருந்தும். ஆனால் உங்கள் குடியிருப்பிலும் வாட்ச்மேன் குடும்பம் எங்கே தங்கியிருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் பேஸ்மெண்டிலோ தரைத்தளத்துச் சின்ன அறையிலோ இருப்பார்கள். அந்தப் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்கிறதா?

---

நாகை_கிராம_செவிலியர்

ஆற்றோரம் சொன்னதோடு நானும் சேர்ந்துகொள்கிறேன். முகாமுக்கு வர மறுக்கும் பெண்களிடம் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். சொல்லும் காரணங்கள்: கழிப்பறை சரியில்லை, ஆண்களோடு ஒரே கூடத்தில் படுக்க வேண்டும், மாதவிலக்கு நாளாக இருக்கிறது, மாடு கன்று போட்டிருக்கிறது, மாமனார் படுத்த படுக்கை, வீட்டைப் பூட்டிவிட்டு வந்தால் திருட்டுப் போகும். இதில் ஒன்றுகூடப் புயலைக் குறைத்து மதிப்பிட்டதால் வந்தது இல்லை.

வங்கதேசத்தில் 1991 புயலில் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேல் இறந்தார்கள், அதில் பெண்கள்தான் அதிகம். வீட்டு ஆண்கள் வரட்டும் என்று காத்திருந்தவர்கள், தங்குமிடத்தில் தனி இடம் இல்லாததால் போகாதவர்கள் என்று பிறகு நிறைய எழுதினார்கள். அங்கே 1972லிருந்தே புயல் எச்சரிக்கைத் தொண்டர் படை இருக்கிறது. காலப்போக்கில் அதில் பெண்களைச் சேர்த்துச் சேர்த்து இப்போது பாதிக்குப் பாதி பெண்கள் ஆகிவிட்டார்கள், தங்குமிடங்களில் பெண்களுக்குத் தனி இடம், கால்நடைக்கு இடம் என்றும் கட்ட ஆரம்பித்தார்கள். கதவைத் தட்டுவது தெரிந்த ஊர்ப் பெண்ணாக இருந்தால் கதவும் திறக்கிறது, பேச்சும் நடக்கிறது. இங்கே பக்கத்திலேயே ஒடிசா இருக்கிறது. 1999 பெரும்புயலில் பத்தாயிரம் பேர் அளவில் இறந்தார்கள், 2013 பைலின் புயலுக்குக் கிட்டத்தட்ட பத்து லட்சம் பேரை நகர்த்தினார்கள், இறப்பு ஐம்பதுக்குள் நின்றது. மக்களின் மனசு பதினான்கு வருடத்தில் தலைகீழாக மாறியிருக்காது. போக ஒரு கட்டடமும் கூப்பிட ஒரு தெரிந்த முகமும் கிடைத்தது, போனார்கள்.

கஜா புயலைப் பற்றியும் சொல்ல வேண்டும், அதை யாரும் இந்தக் கோணத்தில் பேசுவதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரை கடந்தது. எங்கள் பக்கத்துக் கடலோர ஜனங்கள் 2004ஐப் பார்த்தவர்கள், தண்ணீர்தான் வரும் என்று நினைத்து அதற்கேற்ப முகாமுக்குப் போனார்கள், உயிர்கள் காப்பாற்றப்பட்டன. ஆனால் உள்ளே பட்டுக்கோட்டை, பேராவூரணி, புதுக்கோட்டைப் பக்கம் "புயல்னா கடற்கரைக்காரங்களுக்கு" என்றே இருந்துவிட்டார்கள். அன்றைக்கு வந்தது காற்று. தலைமுறை தலைமுறையாக வைத்து வளர்த்த தென்னந்தோப்புகள் ஒரே இரவில் படுத்துவிட்டன, வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. போன தடவை எது வந்ததோ அதற்குத்தான் நாம் தயாராகிறோம். 2023 டிசம்பர் 17, 18ல் தூத்துக்குடி மாவட்டத்திலும் இதுதான். வெள்ளம் என்றால் சென்னை என்று தொலைக்காட்சியில் பார்த்துப் பழகிய ஊர்கள், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. வானிலை அறிக்கையில் 20 செ.மீ.க்கு மேல் போனாலே அதி கனமழை என்கிறார்கள், அதைக் கேட்டு 95ஐ யார் மனக்கண்ணில் பார்த்திருக்க முடியும்?

---

முடிச்சூர்வாசி

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஆற்றோரம், வாட்ச்மேன் குடும்பத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் முதலில் அதைத்தான் பேச வேண்டும் என்று முடிவு செய்துவிட்டோம், அவர்களுக்கு முதல் மாடியில் ஒரு பூட்டிய வீட்டை மழைக்காலத்துக்கு மட்டும் கொடுக்க அதன் உரிமையாளர் சம்மதித்திருக்கிறார்.

இரண்டு விஷயம் இன்னும் பிடிபடவில்லை. ஒன்று, "வர்றது வந்தே தீரும், ஆண்டவன் விட்ட வழி" என்று சொல்லும் பெரியவர்கள். அவர்களிடம் எப்படிப் பேசுவது? அவர்கள் நம்பிக்கையோடு மோத எனக்கு விருப்பம் இல்லை. இரண்டாவது, பழைய வெள்ள வீடியோக்களைப் போட்டுக் காட்டினால் விழித்துக்கொள்வார்கள் என்று சில இளைஞர்கள் சொல்கிறார்கள். போட்டுக் காட்டலாமா?

---

மனோ_திருச்சி

வீடியோவை மட்டும் போட்டுக் காட்டுவதாக இருந்தால் வேண்டாம். அதற்குக் காரணம் இருக்கிறது.

பயத்துக்கும் செயலுக்கும் உள்ள தொடர்பை ரொனால்ட் ராஜர்ஸ் என்பவர் 1975ல் ஒரு கோட்பாடாக எழுதினார், பிறகு வெள்ளம், நிலநடுக்கம் என்று பல இடங்களில் பொருத்திப் பார்த்தார்கள். ஆபத்தைப் பார்த்ததும் மனசு இரண்டு கேள்விகளைக் கேட்கிறது. இது எனக்கு எவ்வளவு பெரிய ஆபத்து? நான் ஏதாவது செய்தால் பலிக்குமா, என்னால் அதைச் செய்ய முடியுமா? முதல் கேள்விக்குப் பதில் "பெரிய ஆபத்து" என்றும் இரண்டாவதற்குப் பதில் "என்னால் ஒன்றும் ஆகாது" என்றும் வந்தால், மனிதன் ஆபத்தைக் கையாள மாட்டான், தன் பயத்தைத்தான் கையாளுவான். பேச்சை மாற்றுவான், "அதெல்லாம் வராது" என்பான், விதி என்பான். ஜெர்மனியில் ரைன் நதியின் வெள்ளத்தைப் பார்த்த கொலோன் நகர மக்களிடம் நடத்திய ஆய்விலும், தற்காப்பு வேலைகளைச் செய்தவர் யார் செய்யாதவர் யார் என்பதை விளக்க ஆபத்தைப் பற்றிய எண்ணம் மட்டும் போதவில்லை, தன் கையால் ஆகும் என்ற நம்பிக்கையும் தேவைப்பட்டது. உங்கள் ஆட்கள் ஏற்கெனவே வெள்ளம் பார்த்தவர்கள், பயம் அவர்களிடம் நிறையவே இருக்கிறது. இன்னும் பயமுறுத்தினால் குழுவை மியூட் செய்துவிடுவார்கள்.

பெரியவர்களின் "ஆண்டவன் விட்ட வழி" பற்றி. அதைக் காரணமாக நான் பார்ப்பதில்லை, பெரும்பாலும் அது கையில் வழி இல்லை என்று நினைப்பதன் விளைவு. நியூசிலாந்தில் ஜான் மெக்ளூர் என்ற உளவியலாளர் நிலநடுக்கச் செய்திகளை வைத்து ஒரு விஷயம் கண்டார். "ஊரே தரைமட்டம்" என்று செய்தியைப் படித்தவர்கள் இயற்கையின் முன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்கள். அதே நிலநடுக்கத்தில் இந்தக் கட்டடம் விழுந்தது, பக்கத்தில் அந்தக் கட்டடம் இன்ன காரணத்தால் நின்றது என்று படித்தவர்கள், சேதத்தைத் தடுக்கலாம் என்கிறார்கள். ஆகவே வீடியோ காட்டுவதென்றால் வித்தியாசத்தைக் காட்டுங்கள். மிக்ஜாமில் உங்கள் தெருவில் எந்த வீட்டு மோட்டார் தப்பியது, ஏன் தப்பியது, பேனலை நாலடி உயர்த்த என்ன செலவானது, அந்த வீட்டுக்காரரையே பேச வையுங்கள். பெரியவரிடம் போய், நீங்கள் சாமி கும்பிடுங்கள், உங்கள் மாத்திரைப் பெட்டியையும் பென்ஷன் புத்தகத்தையும் இரண்டாவது மாடியில் நான் வைக்கிறேன் என்று சொல்லுங்கள். அவர் மறுக்கப்போவதில்லை, அவருடைய நம்பிக்கைக்கு அதில் ஒரு இடைஞ்சலும் இல்லை.

அப்புறம், கூட்டத்துக்கு ஏன் வருவதில்லை என்றால், ஒவ்வொருவரும் மற்றவர் வருகிறாரா என்று பார்க்கிறார்கள். எச்சரிக்கை கிடைத்ததும் மனிதர்கள் முதலில் செய்வது ஓடுவது இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று எட்டிப் பார்ப்பது. அவர் சும்மா இருந்தால் இவரும் சும்மா இருப்பார். ஜப்பானில் கமைஷி நகரத்துப் பள்ளிகளில் தோஷிதகா கதாதா என்ற பேராசிரியர் பிள்ளைகளுக்கு வருடக்கணக்கில் சொல்லிக்கொடுத்த விதிகளில் ஒன்று, "நீ முதல் ஆளாக ஓடு" என்பது. ஒருவன் ஓடினால் மற்றவர்களும் ஓடுவார்கள் என்பதற்காக. 2011ல் அந்த நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்துப் பக்கத்து ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளும் ஓடினார்கள், ஊர்க்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள், நகரத்தில் ஏறக்குறைய மூவாயிரம் பள்ளிப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் பிழைத்தார்கள். நம் ஊரிலும் இது நடக்கிறதே, வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்துகிறார்களே! அதைக் கேலி செய்து நிறையப் படம் போட்டார்கள், எனக்கு அது மிகவும் நல்ல அறிகுறியாகத் தெரிந்தது. யாரோ ஒருவர் முதலில் நிறுத்தினார், அதைப் பார்த்து அடுத்தவர் நிறுத்தினார். உங்கள் குடியிருப்பில் அந்த முதல் ஐந்து பேரை மட்டும் தேடுங்கள், அவர்கள் செய்வது மற்றவர் கண்ணில் படும்படி இருக்கட்டும்.

---

மண்ணிவாக்கம்_மணி

பக்கத்து ஊர்க்காரன் என்பதால் ஒரு தகவல் சொல்லியே ஆக வேண்டும். உங்கள் ஆட்கள் செம்பரம்பாக்கத்தைப் பற்றிப் பேசுவதாக எழுதியிருக்கிறீர்கள். 2015க்குப் பிறகு சென்னை முழுக்க எல்லோரும் செம்பரம்பாக்கத்தின் 24 அடி முழு நீர்மட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், விநாடிக்கு இருபத்தொன்பதாயிரம் கனஅடி திறந்த கதை எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் செம்பரம்பாக்கத்து உபரி நீர் குன்றத்தூர் வழியாக வந்து திருநீர்மலைப் பக்கம்தான் அடையாற்றில் சேருகிறது. முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே இருக்கின்றன. நம் பக்கம் வருகிற தண்ணீர் ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம், சோமங்கலம் ஏரிகள் நிரம்பி மறுகால் போவதால் வருவது. செம்பரம்பாக்கம் பாதி காலியாக இருந்தாலும் நம் தெருவில் இடுப்பளவு நிற்கலாம்.

செய்தியில் அதிகம் வந்த பெயர் மனதில் உட்கார்ந்துகொள்கிறது, பிறகு அதையே பார்த்துக்கொண்டு "இன்னும் நிறையலையே" என்று நிம்மதியாகத் தூங்கிவிடுகிறோம். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் யாரும் செம்பரம்பாக்கத்தைக் கேட்பதே இல்லை, "கலங்கல் வழியுதா?" என்றுதான் கேட்பார்கள். ஏரி நிரம்பினால் உபரி நீர் வழிந்து வெளியேறும் இடம்தான் கலங்கல். கலங்கலில் ஒரு சாண் உயரத்துக்குத் தண்ணீர் போனால் ஆடு மாட்டை மேட்டுக்கு ஓட்டிவிடுவார்கள். புதிதாக வந்து வீடு வாங்கியவர்களுக்கு இந்த ஏரிகளின் பெயர்களே தெரியாது, அதில் அவர்கள் தப்பு எதுவும் இல்லை, யாரும் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், ஏரிக் கரையில் நடந்து காட்டுகிறேன். தண்ணீர் எந்த வழியாக உங்கள் தெருவுக்கு வருகிறது என்று காலால் நடந்து பார்த்தவன் அதற்கப்புறம் மறக்க மாட்டான்.

---

முடிச்சூர்வாசி

மணி அண்ணா, நிச்சயம் வருகிறோம், பிள்ளைகளையும் அழைத்து வருகிறோம்.

நேற்று ஐந்து பேர் மட்டும் உட்கார்ந்து பேசினோம், பொதுக்கூட்டம் என்று அறிவிக்கவில்லை. மழை வந்த பிறகு யோசிக்காமல் இருக்க, எது நடந்தால் எதைச் செய்வது என்று இப்போதே எழுதி வைத்துவிட்டோம். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களுக்கு ஆரஞ்சு எச்சரிக்கை வந்தால் அன்று மாலைக்குள் வண்டிகள் மேட்டுக்குப் போய்விடும், வாட்ச்மேன் குடும்பம் மேலே போய்விடும். மண்ணிவாக்கம் ஏரி கலங்கல் வழிந்தால் தரைத்தளத்து முதியவர்கள் நால்வரும் தங்களுக்கென்று பேசி வைத்த வீடுகளுக்குப் போவார்கள், யார் கையைப் பிடித்து அழைத்துப் போவது என்பது வரை பெயர் எழுதியாகிவிட்டது. எச்சரிக்கை பொய்த்தால் அடுத்த நாளே ஏன் பொய்த்தது என்று நான்கு வரி எழுதுவது என் பொறுப்பு, செல்வம் சொன்னபடி. வாசல் தூணில் 2015, 2021, 2023 மூன்று வருட நீர்மட்டத்தையும் கோடு போட்டு, அதற்கு மேலே தரைத்தளத்து ஹாலின் தரைமட்டத்தை வேறு நிறத்தில் போடப் போகிறோம். 2015 கோட்டுக்கும் அதற்கும் நடுவே ஏழு அங்குலம்தான் இருக்கிறது. அளந்தபோது பக்கத்தில் நின்ற வங்கிக்காரர், கூட்டத்துக்கே வராதவர், பேனல் போர்டை உயர்த்த எவ்வளவு ஆகும் என்று அவராகவே கேட்டார்.

இன்னும் ஒரு உதவி. எங்களிடம் ஏரி நிலவரம் சொல்ல ஆள் இல்லை. மண்ணிவாக்கத்திலோ ஆதனூரிலோ கலங்கலுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், இரவு நேரத்திலும் போன் செய்யத் தயாராக இருந்தால், தனிச்செய்தி அனுப்புங்கள்.